கேள்வி கேட்கக் கோயம்புத்தூர் போனேன்

கோயம்புத்தூரில் எனக்கு முதல் பாடம் நடத்தியவர் ஒரு பஸ் கண்டக்டர்.

காந்திபுரம் பஸ் நிலையத்தில் பெட்டியோடு நின்றேன். டவுன் பஸ் ஒன்று வந்தது. "பீளமேடு போகுமா?" என்று கேட்டேன்.

"போகுமுங்க அம்மணி. ஏறிக்குங்க."

ஏறினேன். பஸ் போனது. கடைத்தெரு வந்தது. பெரிய குளம் ஒன்று வந்தது. பீளமேடு வரவில்லை. உக்கடம் என்ற இடத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

"பீளமேடு எங்க?"

"இப்படியே திரும்பி, நீங்க ஏறுன எடத்துக்கே போய், அதுக்கும் அக்கட்டால போகோணுமுங்க."

"போகும்னு சொன்னீங்களே?"

"போகுமுங்க. நேராப் போகுமான்னு நீங்க கேக்கலீங்களே."

அவர் கேலி செய்யவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். திரும்பும்போது மறுபடி டிக்கெட் கேட்கவுமில்லை. நான் கேட்டது அரைக் கேள்வி. அதற்கு அரைப் பதில் கிடைத்தது. நான் கடல் தாண்டி வந்ததே கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளத்தான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். நான் மலேசியாவில் கெடா மாநிலத்துக்காரி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள்; மரத்தைக் கீறிப் பால் எடுப்பதை அப்படித்தான் சொல்வோம். பெயர் அஞ்சலை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன்.

எங்கள் தோட்டத்தில் சம்சு ஓடியது. சம்சு என்றால் மட்டமான சாராயம். என் தம்பி அதில்தான் போனான். அதற்குப் பிறகு நானும் இன்னும் சில பெண்களும் வீடு வீடாகப் போய்க் குடிக்காதே என்று சொல்லி வந்தோம். பல வருஷம் சொன்னோம். கேட்டவர்கள் குறைவு.

தொண்ணூறுகளின் நடுவில் பினாங்கிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். குடிப்பழக்கம் வராமல் தடுக்க ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். அது பலிக்கிறதா என்று சில தோட்டங்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். சேருகிற தோட்டத்துக்கு டாக்டர் வருவார். பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கும். குடியை விட நினைக்கிறவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் வருவார்கள். இதெல்லாம் எங்கள் தோட்டம் கண்டதில்லை.

ஒரு நிபந்தனை. தோட்டத்துக்கு ஒரு ஆளாவது முறைப்படி கேள்வி கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சி தமிழிலேயே கோயம்புத்தூரில் நடக்கிறது. போகிறவர் தேறினால் எங்கள் தோட்டம் சேரும். தேறாவிட்டால் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்த்துக்கொள்வார்கள்.

"நீ போ," என்றார்கள் பெண்கள். போனேன்.

மறுபடி பஸ்ஸுக்கு வருகிறேன். திரும்பும் வழியில் இரண்டு பேர் இடத்துக்குச் சண்டை போட்டார்கள்.

"ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. உங்குளுக்கு இருந்தா இப்படிக் காலை மிதிப்பீங்களா?"

"ஆளைப் பாத்துப் பேசுங்க!"

"பாத்துத்தானுங்க பேசறேன்!"

எங்கள் தோட்டத்தில் இப்படிப் பேசினால் சண்டை என்று யாருக்கும் புரியாது. விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார்கள்.

பயிற்சி நடந்த கல்லூரியின் விடுதியில் எனக்கு ஒரு அறைத் தோழி கிடைத்தாள். கனகமணி. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டக்காரர் வீட்டுப் பெண். எம்.ஏ. படித்தவள். என் மகள் வயதுதான் இருக்கும். போனவுடனே ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்கக்கா. எங்கூரு சிறுவாணித் தண்ணி."

குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது. "நல்லா இருக்கு," என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவ்வளவுதானுங்களா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

அப்புறம்தான் டம்ளரை வாங்கினாள். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். தண்ணீரைத் தாங்களே காய்ச்சி இறக்கியது மாதிரி கொடுப்பார்கள்.

மறுநாள் காலையில் நான் அவளிடம், "பசியாறிட்டியா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு என்றால் பசியாறுவது. அவள் யோசித்தாள். "இல்லீங்கக்கா, பசி இன்னும் வரவே இல்லீங்க. வந்தாத்தானுங்க ஆறும்." இரண்டு பேரும் தமிழ்தான். ஆனாலும் நின்று நின்றுதான் பேச வேண்டியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் சந்தகை போட்டார்கள். எங்கள் ஊர் இடியாப்பத்துக்குத் தம்பி மாதிரி. தேங்காய்ப்பால் ஊற்றிச் சர்க்கரை போட்டார்கள். இரண்டு தடவை வாங்கினேன்.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பயிற்சி நடத்தியவர் விசாலாட்சி மேடம். கைத்தறிச் சேலை. குரல் உயராது. அவரும் அந்தப் பக்கத்துக்காரர்தான்.

"குடிக்காம இருக்க வைக்கறதுக்கு ஆயிரம் வழி சொல்றாங்க," என்றார். "எது பலிக்குது? அதைக் கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலைங்க. உங்க காட்டுக்குப் புது உரம் வாங்குனா என்ன பண்ணுவீங்க?"

"பாதிக் காட்டுக்குப் போட்டுப் பாப்போமுங்க," என்றாள் கனகமணி. அந்த ஊரில் வயலுக்குக் காடு என்று பெயர்.

"எந்தப் பாதிக்கு?"

"மண்ணு நல்லா இருக்கற பக்கம் போட்டா ஏமாந்துபோயிருவோம். அதனால சீட்டுப் போட்டுத்தானுங்க பாக்கோணும்."

"அவ்வளவுதான். ஊருக்கும் அப்படித்தான். சில ஊருக்கு முதல்ல, சில ஊருக்கு அப்புறம். எது முதல்லன்னு சீட்டுத்தான் சொல்லும். போடறதுக்கு முந்தியும் அளக்கோணும், போட்ட பின்னாலயும் அளக்கோணும். பயிரை அளக்க முழக்கோல் இருக்குது. குடியை அளக்க நம்மகிட்ட இருக்கறது கேள்வி மட்டும்தான். கோல் வளைஞ்சா அளவு வளையும்."

எனக்குப் புரிந்தது. ஆறாம் வகுப்புக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். பட்டம் வாங்கியவர்களும் அதையேதான் எழுதிக்கொண்டார்கள்.

விதிகள் சொன்னார். எல்லோரிடமும் ஒரே வார்த்தையில் கேட்க வேண்டும். தனியாக வைத்துக் கேட்க வேண்டும். போன மாசத்தில் எத்தனை நாள் குடித்தீர்கள் என்று கேட்டு, நாலு பதிலையும் படித்துக் காட்ட வேண்டும்: ஒரு நாளும் இல்லையா, சில நாளா, பல நாளா, தினமுமா. கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

கடைசி விதி எனக்குச் சுலபம் என்று நினைத்தேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

இரண்டு பேர் ஒரு ஜோடியாக முதல் முயற்சிக்கு அனுப்பினார்கள். நானும் கனகமணியும் ஒரு ஜோடி. தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ஊர்.

பஸ் பாதி வழியில் நின்றது. வாழைத் தோப்பில் யானை. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு பீடி பற்ற வைத்தார். சிலர் இறங்கிக் கடலை வாங்கினார்கள்.

"எப்பங்க போவாரு?" என்று ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"சாப்பிட்டுட்டுத்தானுங்க போவாரு. நாம அவசரப்படுத்த முடியுங்களா?"

யானைக்கும் மரியாதை. எங்கள் பக்கம் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைக் கன்றுக்குள் யானை வந்தால் வெடி வெடிப்பார்கள். அதன் பரம்பரையையே திட்டுவார்கள். இங்கே ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "போயிட்டு வாங்க சாமி," என்றாள். "வாங்கன்னு சொல்லாதீங்க, மறுக்கா வந்துரப்போறாரு," என்றார் கண்டக்டர்.

முதல் வீட்டில் நான்தான் கேட்க வேண்டும். மாடு வைத்திருக்கிற வீடு. அந்த வீட்டு அம்மாள் கட்டிலை இழுத்துப் போட்டாள். காபி போட உள்ளே போனாள். அவளுக்கு எதற்குச் சிரமம் என்று, "தண்ணி கலக்க வேணாங்க," என்றேன்.

அவள் அப்படியே நின்றாள்.

"ஆருங்க சொன்னது உங்ககிட்ட?"

"என்ன?"

"எங்கூட்டுப் பால்ல தண்ணி கலக்கறோம்னு! பால் சொசைட்டில சொன்னாங்களா? அந்தப் பக்கத்து ஊட்டுக்காரி சொன்னாளா?"

எங்கள் ஊரில் காபி, டீ, மைலோ எல்லாமே தண்ணிதான். போடுவதற்குப் பெயர் தண்ணி கலக்குவது. கனகமணி இதை அந்த அம்மாளுக்குச் சொல்லிப் புரியவைக்க வெகு நேரம் ஆனது. அப்புறம் அவள் சிரித்தாள். ஆனாலும் ஒரு செம்பு பாலைக் கொண்டு வந்து என் எதிரிலேயே காய்ச்சினாள். குடித்துப் பார்க்கச் சொன்னாள். தண்ணி இல்லை. அதையும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அவள் வீட்டுக்காரர் வந்தார். தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "சில நாள்," என்றார். அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஏன் குடிக்கிறீங்க?" என்றேன். அது கேள்வித் தாளில் இல்லை. "நல்ல பொண்டாட்டி, நல்ல மாடு. இதைக் குடிச்சு என்ன கண்டீங்க? என் தம்பி கல்லீரல் வீங்கிச் செத்தான்." விரலை நீட்டிப் பேசினேன் போலிருக்கிறது. கனகமணி என் காலை மிதித்தாள். மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" என்றே சொன்னார்.

அடுத்த வீடு கனகமணியின் முறை. கயிற்றுக் கட்டிலில் ஒரு பெரியவர். கட்டிலுக்குக் கீழே காலி பாட்டில். வாடை எனக்கே வந்தது. கனகமணி தாளை எடுத்தாள். பெரியவரின் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்து வந்தது தாளில் இருந்த கேள்வி இல்லை.

"ஏனுங்க மாமா, நீங்க இந்தக் குடியெல்லாம் குடிக்கறதில்லீங்கல்ல?"

"அட, நாமெல்லாம் எங்கீங்கம்மணி!"

"ஆமாங்க," என்று கனகமணி 'ஒரு நாளும் இல்லை'யில் கோடு போட்டாள்.

நான் பாட்டிலைப் பார்த்தேன். பெரியவர் காலால் அதைப் பின்னே தள்ளினார்.

மறுநாள் வகுப்பில் மேடம் எல்லோருடைய தாள்களையும் பார்த்தார். வகுப்பில் அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் கனகமணி மாதிரியே கேட்டு, எல்லா வீட்டுக்கும் 'ஒரு நாளும் இல்லை' என்றே போட்டிருந்தார்கள்.

"ரொம்ப நல்ல ஊருங்க," என்றார் மேடம். "ஒருத்தரும் குடிக்கறதில்லை. அப்ப முக்குல இருக்கற பிராந்திக் கடையில தினமும் கூட்டம் நிக்குதே, அது யானைங்களா?"

வகுப்பே சிரித்தது. கனகமணி சிரிக்கவில்லை. "எப்படிங்க மேடம் கேக்கறது? எங்கப்பா வயசு. எத்தனை நாள் குடிச்சீங்கன்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டா, குடிகாரன்னு சொன்ன மாதிரி ஆயிருங்களே."

"நாம மரியாதைன்னு நெனச்சு 'இல்லீங்கல்ல'ன்னு கேட்டா, அவர் நமக்கு மரியாதை குடுத்து 'இல்லீங்க'ன்னு சொல்றாரு. ரெண்டு பேரும் மரியாதையா இருக்கோம். உண்மை மட்டும் வெளிய நிக்குது." மேடம் கரும்பலகையில் இரண்டு சொல் எழுதினார். ஒன்றை அடித்தார். "'ங்க' இருக்கட்டும். 'இல்ல' வேண்டாம்."

பிறகு என் பக்கம் திரும்பினார். முதல் வீட்டில் நடந்ததை நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "அஞ்சலை, நீங்க சரியாத்தான் கேட்டீங்க. அப்புறம் புத்தி சொன்னீங்க."

"சொல்லாம எப்படிங்க? குடிச்சுச் சாவுறவனைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்கணுமா?"

நான் சத்தமாகக் கேட்டுவிட்டேன். மேடம் கோபப்படவில்லை.

"கேள்வி முடியற வரைக்கும் இருக்கோணும். இன்னைக்கு நீங்க வைதா, அடுத்த வருஷம் நீங்க வரும்போது அவர் உங்களுக்குப் பிடிச்ச பதிலைத்தான் சொல்வாரு. திட்டத்தால குடி குறைஞ்சுதா, உங்களுக்குப் பயந்து பதில் குறைஞ்சுதான்னு நமக்குத் தெரியாம போயிரும். முடிஞ்சதும் ஆஸ்பத்திரி விலாசச் சீட்டைக் கையில குடுங்க. அதைக் குடுக்காம வரக்கூடாது. அதுவும் விதிதான்."

உட்கார்ந்தேன். பல வருஷமாக நான் போனாலே எங்கள் ஆட்கள் எனக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் தம்பி முகத்தை மறந்துவிட்டு வாயை மூடுவது எப்படி என்று தெரியவில்லை. இப்படியே போனால் தேற மாட்டேன். தோட்டம் போய்விடும்.

பழகிப் பார்த்தோம். சாயங்காலம் விடுதிக்கு எதிரே உள்ள பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே கனகமணி குடிகாரனாக நடிப்பாள். நான் கேட்பேன். குடிகாரனாக ஆடும்போதும் அவளுக்கு 'ங்க' போகாது. "நானுங்க... தெனமும் குடிப்பேனுங்க... உங்குளுக்கு என்னங்க..." கடைக்காரர் மலையாளி. கூட்டாளியிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். கனகமணி எனக்குச் சொன்னாள்: "'இந்தப் புள்ளைக்கு டீயிலயே ஏறிருச்சு'ன்னு சொல்றாருங்க." அந்த டீயும் எங்கள் ஊர் மாதிரியே உயரத் தூக்கி ஆற்றியதுதான். இஞ்சி மட்டும் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தார்கள். அரிசியையும் பருப்பையும் சேர்த்துப் பொங்கி நெய் ஊற்றுவது. பார்க்க எளிமையாக இருக்கும். நிறுத்த முடியாது. அவள் அம்மா, "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று போட்டுக்கொண்டே இருந்தார். "வேண்டாம் என்பதை இந்த ஊரில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க," என்றார் அவள் அப்பா.

சாப்பிட்ட பிறகு கனகமணி தாளை எடுத்தாள். "மேடம் சொன்னாங்க, நீங்க ரொம்ப மரியாதை வெச்சிருக்கறவங்ககிட்டக் கேட்டுப் பழகுங்கன்னு. ஏனுங்கப்பா, கேக்கட்டுங்களா?"

"கேளு கண்ணு."

கழுத்து வேர்த்திருந்தது அவளுக்கு. ஆனாலும் படித்தாள். "போன மாசத்துல எத்தனை நாள் குடிச்சீங்க? ஒரு நாளும் இல்லீங்களா, சில நாளுங்களா, பல நாளுங்களா, தெனமுமுங்களா?"

அவர் சிரித்தார். மகளும் சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. காத்திருந்தாள். அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

"சில நாளு," என்றார்.

அடுப்பங்கரையில் கரண்டி விழுந்தது. அவள் அம்மா வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க சொன்னீங்க?"

"இல்ல... அது வந்து, மார்க்கெட்டுக்குப் போற அன்னைக்கு..."

"கண்ணாலம் ஆன நாள்லருந்து கேக்கறேன், நீங்க குடிக்கறதில்லீங்கல்லன்னு! இல்லை இல்லைன்னே சொன்னீங்களே!"

"நீ அப்படிக் கேட்டா நான் எப்படிடீ சொல்லுவேன்?"

நான் நெய்க் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனகமணி என்னிடம் மெல்ல, "தனியா வெச்சுக் கேக்கோணும்னு மேடம் சொன்னாங்க. மறந்துபோட்டேனுங்கக்கா," என்றாள். அந்த வீட்டில் அன்று சாயங்காலம் வரை யாரும் யாரோடும் பேசவில்லை. ஆனால் புறப்படும்போது அவள் அம்மா எனக்கு ஒப்பிட்டு என்கிற போளி கட்டிக் கொடுத்தார். "நல்ல படிப்புத்தானுங்க," என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று தெரியவில்லை.

தேர்வு மேட்டுப்பாளையம் பக்கத்தில். ஆளுக்கு ஒரு தெரு. தனியாகப் போக வேண்டும். மறுநாள் வேறொருவர் அதே வீடுகளுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்பார். இரண்டும் பொருந்தினால் தேறினோம்.

அங்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. எங்கள் கெடாவில் ஜெராய் மலை ஒற்றையாக நிற்கும். இங்கே கிழங்கு மூட்டை ஏற்றிய லாரிகள் மலையிலிருந்து இறங்கி வந்தபடியே இருந்தன. தெருவெல்லாம் பாக்கு காய்ந்தது. மிதிக்காமல் நடக்க வேண்டியிருந்தது.

எல்லா வீடும் நல்லபடி போனது. ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். அவர் பாக்கு மரம் ஏறுகிறவர். பெயர் எழுத மாட்டேன். அதுவும் விதிதான். தோப்பு ஓரத்தில் தனியாக உட்கார்ந்து கேட்டேன். நாலு பதிலையும் படித்தேன். வாயை மூடினேன்.

வெகு நேரம் அவர் தரையைப் பார்த்தார். "தெனமுமுங்க," என்றார்.

கோடு போட்டேன். அடுத்த கேள்வியைப் படித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க, இன்னும் வைய ஆரம்பிக்கலீங்களே?"

"வைய மாட்டேங்க."

"எல்லாரும் வைவாங்க."

"நான் கேக்க மட்டும்தான் வந்தேன்."

அவர் கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் ஆடின. "காத்தால இப்படித்தானுங்க. ஊத்துனாத்தான் நிக்கும். நின்னாத்தான் மரம் ஏற முடியும்."

என் தம்பியின் கையும் அப்படித்தான் ஆடியது. ஐந்து நிமிஷம் பேச என்னிடம் விஷயம் இருந்தது. நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டேன். அடுத்த கேள்வியை மறுபடி படித்தேன். அவர் சொன்னார். அதற்கடுத்ததையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. நான் கேட்காத இடத்தில் நிறுத்தினார். கேட்ட இடத்தில் முழுதாகச் சொன்னார். அப்படி ஒருவர் என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை. என் தம்பி பேசவில்லை. நான் அவனைப் பேச விட்டதில்லை.

எல்லாம் முடிந்தது. பேனாவை மூடினேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொடுத்தேன்.

"போனா வைவாங்களா?"

"வைய மாட்டாங்க. கை ஆடாம இருக்க மருந்து இருக்கு. அங்க கேளுங்க."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போனாரா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் மாலை மேடம் முடிவு சொன்னார். என் வீடுகள் பொருந்தின. ஒரே ஒரு வீட்டில் மட்டும் வித்தியாசம். அந்த மனிதர் என்னிடம் வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தார். "அதுக்கு மருந்து இல்லைங்க," என்றார் மேடம். பாக்கு மரம் ஏறுகிறவர் இரண்டாம் தடவையும் தினமும் என்றே சொல்லியிருந்தார்.

"அஞ்சலை, தேறிட்டீங்க."

கனகமணியும் தேறினாள். எழுந்து நின்று கை தட்டினாள். அவள் தட்டியதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது. சான்றிதழில் என் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார்கள். பெயருக்குக் கீழே, கள ஆய்வாளர் என்று இருந்தது. பால்மரம் வெட்டுகிறவள் என்பதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த இரண்டாவது பட்டம். இரண்டும் உழைத்து வாங்கியவை.

காந்திபுரத்தில் வெளிநாட்டுக்குப் பேசுகிற டெலிபோன் பூத் ஒன்றுக்குப் போனேன். எங்கள் தோட்டத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டேன். பெண்கள் அங்கே காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாதவி எடுத்தாள். என்னோடு வீடு வீடாக வந்தவள்.

"பாஸா, பெயிலா?"

"பாஸ்."

"தோட்டம்?"

"சேந்துடுச்சு."

அந்தப் பக்கம் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. பூத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். மாதவி மறுபடி வந்தாள். "இனிமே குடிகாரனுங்களுக்கு நல்லா உறைக்கிற மாதிரி புத்தி சொல்லுவேல்ல?"

"இல்ல. கேப்பேன்."

"என்னாது?"

"வந்து சொல்றேன்."

அப்போது யாரோ போனைப் பிடுங்கினார்கள். முனியாண்டி. என் பக்கத்து வீடு. தம்பியின் கூட்டாளி. அவன் குடிப்பது ஊருக்கே தெரியும். என்னைக் கண்டால் மட்டும் ஒளிவான்.

"அக்கா! பாஸாயிட்டியாமே! நான் குடிக்கிறத உட்டுட்டேன்க்கா. நெசமா."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். எனக்குப் பிடித்த பதில்.

"முனியாண்டி," என்றேன். "நான் கேக்குறது உனக்கு மட்டும்தான் கேக்கும். வைய மாட்டேன். போன மாசத்துல எத்தனை நாள் குடிச்ச? ஒரு நாளும் இல்லையா, சில நாளா, பல நாளா, தினமுமா?"

சத்தம் இல்லை. பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது. முனியாண்டி மூச்சு விடுவது கேட்டது. பூத்தில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பூத்துக்காரர் கண்ணாடிக் கதவைத் தட்டினார். "ஏனுங்கம்மணி, லைன் கட்டாயிருச்சுங்களா? பேச்சே காணோமுங்க. மீட்டர் ஓடுதுங்க."

"இல்லைங்க," என்றேன். "பதில் வந்துக்கிட்டிருக்கு."

வந்தது.

"தெனமும்க்கா," என்றான் முனியாண்டி.

"சரி," என்றேன்.